மார்லிஸ் வீட்டுக்கு அடியில் ஒரு குடும்பம்

ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதி மார்லிஸ் ட்வெட்டுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. பனி உருகத் தொடங்கிய நாளிலிருந்தே அவள் மேல், பயந்தால் நாற்ற நீரைப் பீய்ச்சும் ஸ்கங்க் என்ற காட்டு ஜந்துவின் நாற்றம் அடித்துக்கொண்டிருந்தது. கோட்டில், தலைமுடியில், கைப்பையில், சர்ச்சுக்கு அவள் சுட்டு எடுத்துப்போன எலுமிச்சை கேக்கில்கூட.

எல்வ்டால் ஊர்க்காரர்கள் ஒருவர் மனம் நோகும்படி நேருக்கு நேர் பேசுவதைவிட மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுவது மேல் என்று நினைப்பவர்கள். சர்ச்சில் அவளுக்குப் பின்னால் இருந்த பெஞ்சு முதலில் காலியானது, பிறகு அதற்கும் பின்னாலிருந்தது. மளிகைக்கடைப் பெண் அவளைக் கண்டதும் வெளியே பனி கிடக்கையிலேயே வாசற்கதவைத் திறந்து வைத்து, "இன்னிக்குக் கொஞ்சம் புழுக்கமா இருக்கில்ல?" என்றாள். பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகள் ஏறியதும் ஏறாததுமாக ஜன்னல்களை இறக்கினார்கள். இருபது வருடத்துக்கும் மேலாக அந்த மஞ்சள் பஸ்ஸை ஓட்டுகிறவள் மார்லிஸ். "குளிர் உள்ள வருது, மூடுங்க" என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்வாள். பிள்ளைகள் மூடுவார்கள். அடுத்த திருப்பத்தில் மறுபடி திறப்பார்கள்.

மே மாதம் ஒரு மத்தியானம், பஸ் நிலையப் பொறுப்பாளன் வெண்டெல் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். சின்ன வயதில் அவள் பஸ்ஸில் போய் வந்தவன்தான் வெண்டெல். இப்போது அவளுக்கு மேலதிகாரி. ஆனாலும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவனுக்கு வாய் வராது.

"மிஸஸ் ட்வெட், காபி குடிக்கிறீங்களா?"

"குடிச்சிட்டேன்."

"இந்த வருஷம் விதைப்பு லேட்டாயிடுச்சு, இல்ல?"

"ஆமா."

வெண்டெல் மேஜைமேல் இருந்த பேனாவை இடமிருந்து வலமாக நகர்த்தினான். பிறகு வலமிருந்து இடமாக.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க வீட்டுப் பக்கம் ஸ்கங்க் ஏதாவது நடமாடுதா?"

"பாக்கலையே. ஏன்?"

"உங்க மேல வாடை வருது, மிஸஸ் ட்வெட். லேசால்லாம் இல்ல. பஸ்ஸுக்குள்ள போனா கண்ணு எரியுது. தாய் தகப்பன்மார்லாம் போன் பண்ணிட்டாங்க. உங்ககிட்டச் சொல்லாதேன்னுதான் எல்லாரும் சொன்னாங்க."

"எத்தனை நாளா?"

வெண்டெலின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. "கொஞ்ச நாளா" என்றான்.

அவமானமாக இருக்க வேண்டும் என்று மார்லிஸுக்குத் தெரிந்தது. அது வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. "சரி, பாக்கறேன்" என்று எழுந்தாள். வீடு சரியாகும்வரை வேறொருவர் பஸ் ஓட்டட்டும் என்று வெண்டெல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னதற்கும் "சரி" என்றாள்.

மூக்கு போனது பெருந்தொற்று ஆண்டில். காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, மோப்பம் மட்டும் திரும்பி வரவில்லை. அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லாமல்தான் இருந்தது. பால் கெட்டுப்போனால் புருஷன் ஹார்லன் சொல்வான். அடுப்பில் தீய்ந்தால் ஹார்லன் ஓடி வருவான். அந்த ஹார்லன் போன அக்டோபரில், சோயா அறுவடை முடிந்து டிராக்டரைக் கழுவி நிறுத்திய மறுநாள், டிராக்டர் கொட்டகையில் மரப்பெட்டிமேல் உட்கார்ந்தபடியே இறந்துபோனான். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

மார்லிஸ் அழவில்லை. வீம்பினால் அல்ல. கண்ணீர் வருகிற வழியை யாரோ தகரம் வைத்து அடித்துவிட்டதுபோல் இருந்தது. சவ அடக்கத்தன்று சர்ச்சின் கீழ்த்தளத்தில் பெண்கள் உருளைக்கிழங்கும் கறியும் போட்டு வேகவைத்த ஹாட்டிஷ் தட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டிருக்க, மார்லிஸ் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போது ஹார்லனின் தங்கை லவோன் யாரிடமோ சொன்னது அவள் காதில் நன்றாகவே விழுந்தது.

"கல்லுல நார் உரிச்சாலும் உரிக்கலாம். இவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வராது. எங்கண்ணன் யாரோ எவரோ மாதிரி காபி ஊத்திட்டு நிக்கறா பாரு."

மார்லிஸ் அவள் கோப்பையிலும் காபி ஊற்றிவிட்டு நகர்ந்தாள். அதன்பிறகு லவோன் அந்த வீட்டுப் படியேறவில்லை. நாலு மைல் தள்ளியிருக்கும் நாத்தனாரே வராத வீட்டுக்கு வேறு யார் வரப்போகிறார்கள்? பனி உருகிய பிறகாவது உள்ளே வந்து ஒருவர் மூச்சிழுத்திருந்தால், விஷயம் அப்போதே வெளிவந்திருக்கும்.

வெண்டெல் சொன்ன அன்று சாயங்காலம் டார்ச் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். மரப்படிகளுக்குப் பக்கத்தில், வீட்டின் அடிப்பலகை உளுத்துப்போன இடத்தில், ஒரு தட்டு அகலத்துக்குக் குழி. விளிம்பெல்லாம் நடமாட்டத்தில் வழுவழுத்திருந்தது. சமையலறைத் தரைக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகிற அளவு இடம் உண்டு. குப்புறப் படுத்து வெளிச்சம் அடித்தாள். தூரத்து மூலையில் இரண்டு கண்கள் மின்னின. பூனையளவு உடம்பு, முதுகில் வெள்ளைப் பட்டை. அதன் வயிற்றோரம் கையகலத்தில் கறுப்பும் வெள்ளையுமாக என்னவோ நெளிந்தது. குட்டிகள். எத்தனை என்று தெரியவில்லை. தாய் எழுந்திருக்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மார்லிஸும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தரை ஈரமாக இருந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று தோன்ற நேரமாயிற்று.

மறுநாள் லவோனின் புருஷன் கார்டி வண்டியில் ஒரு கம்பிக்கூண்டுப் பொறியோடு வந்து இறங்கினான். வெண்டெல் சொல்லியிருப்பான். கார்டி நல்ல மனிதன். எந்த வேலையையும் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட வேண்டும் அவனுக்கு.

"மத்தி மீன் வச்சா இன்னிக்கே தாய் மாட்டிக்கும். குட்டிங்க ரெண்டு நாள்ல தானா அடங்கிடும்."

"மாட்டினா எங்க கொண்டுபோய் விடுவே?"

"எங்க விடறது? வெறிநோய் கொண்டு வர்ற ஜந்து. யாரு தோட்டத்துல விட விடுவாங்க? ஒரு குண்டு, முடிஞ்சுது. நீ பாக்க வேண்டாம், உள்ள இரு."

"வேண்டாம் கார்டி."

"என்ன வேண்டாம்?"

"பொறி வேண்டாம்."

"ஏன்?"

ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த ஜந்துமேல் பிரியம் ஒன்றுமில்லை. ஒரு சாவுக்குப் பிறகு யார் யார் வருவார்கள், யார் தூக்கிக்கொண்டு போவார்கள், எதைக் கழுவிவிட வேண்டும் என்பதையெல்லாம் மறுபடி தொடங்க அவளிடம் தெம்பில்லை. அவ்வளவுதான். அதைச் சொல்லத் தெரியாமல், "குட்டி போட்டிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

"உன் மூக்கு செத்துப்போச்சு, நீ சொல்லுவே" என்றான் கார்டி. பொறியை வண்டியில் ஏற்றும்போது, "சட்டை துவைக்கவாவது எங்க வீட்டுக்கு அனுப்பு. லவோன் ஒண்ணும் சொல்லமாட்டா" என்றான். லவோன் நிறையச் சொல்வாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த மாவட்டத்தில் அடிபட்ட காட்டு ஜீவன்களைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று இருந்தது. அங்கே போன் செய்தாள். ட்ரூடி என்று ஒருத்தி பேசினாள். சிகரெட் குரல், நடுநடுவே யாரையோ "ஏய், அந்த வாத்தை இறக்கி விடு" என்று அதட்டல்.

"கண்ணு திறந்திருக்கா குட்டிக்கு?" என்று கேட்டாள் ட்ரூடி.

"தெரியல. நெளியுது."

"அப்போ அவசரப்படுத்தாதே. இப்போ துரத்தினா தாய் ஒண்ணு ரெண்டைத் தூக்கிட்டு மத்ததை விட்டுட்டு ஓடும். நடக்க ஆரம்பிக்கட்டும். அது உன் வீட்டுக்கு அடியில ஏன் வந்துச்சுன்னு நினைக்கறே?"

"ஏன்?"

"இருட்டு, அமைதி, பக்கத்துலயே தீனி. இந்த மூணையும் எடுத்துட்டா அது வேற இடம் பாத்துக்கும். பறவைக்குத் தீனி போடறியா?"

"என் வீட்டுக்காரர் போடுவாரு. இப்போ நான் போடறேன்."

"நிறுத்திடு. கீழ சிந்தற விதைக்குத்தான் அது வந்திருக்கும். குட்டிங்க நடந்ததும் உள்ள ஒரு விளக்கை எரிய விடு. ஒரு ரேடியோ வை. பாட்டு வேண்டாம், ஆளுங்க பேசற மாதிரி வை, மனுஷக் குரல்னா அதுக்கு ஆகாது. வழியை மட்டும் அடைச்சிடாதே. எல்லாம் போயாச்சுன்னு பட்டதும் ஓட்டையில செய்தித்தாளைக் கசக்கிச் சொருகு. வாசல்ல மாவு தூவு. ரெண்டு மூணு நாள் தாள் அசையாம, மாவுல தடம் விழாம இருந்தா அப்புறம் கம்பிவலை அடி. வாடை குறையுதான்னு தினமும் மோந்து பாரு."

"எனக்கு மோப்பம் கிடையாது."

"அப்போ மூக்கு இருக்கற யாரையாவது கூப்பிட்டுக்கோ" என்றாள் ட்ரூடி.

யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தாள். பாஸ்டரைக் கூப்பிட்டால் ஜெபம் செய்வார். பக்கத்துப் பண்ணைக்காரர் வந்தால், "அப்படி ஒண்ணும் பெரிசா இல்லையே" என்று பொய் சொல்வார். அந்த ஊரில் மார்லிஸிடம் மனதில் பட்டதை மறைக்காமல் சொல்லக்கூடியவள் ஒருத்திதான்.

லவோன் வந்தாள். அழைத்ததற்காக வரவில்லை, அண்ணன் பிறந்த வீடு நாறுகிறது என்பதற்காக வந்தாள். அதை வாசலிலேயே சொல்லவும் செய்தாள். உள்ளே காலடி வைத்தவள் கைக்குட்டையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"கடவுளே. இதுக்குள்ளயா நீ தூங்கறே?"

"ம்."

"சாப்பிடறே?"

"ம்."

"மனுஷியா நீ?" என்ற லவோன், சற்று மூச்சு வாங்கிக்கொண்டு, "சோபாவைத் தூக்கி வெளிய போடணும். திரைச்சீலை எல்லாத்தையும் அவுரு" என்றாள்.

அன்றிலிருந்து சாயங்காலச் சாப்பாட்டை முடித்துவிட்டு லவோன் வந்துவிடுவாள். சமையலறையிலிருந்து பின்கட்டு வரை நடந்து, பத்துக்கு இத்தனை என்று நாற்றத்துக்கு மதிப்பெண் போடுவாள். பிறகு இருவரும் பின்பக்கப் புல்வெளியில் மடக்கு நாற்காலிகளைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்து ஓட்டையைப் பார்ப்பார்கள். ஜூன் மாதத்தில் வெளிச்சம் அவ்வளவு சீக்கிரம் போகாது. கொசு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஹார்லன் பேச்சு வராது. லவோன் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவாள், கார்டி வாங்கிய தேவையில்லாத டிரெய்லரைப் பற்றிப் பேசுவாள். மார்லிஸ் "ம்" கொட்டுவாள்.

"உனக்குக் கோவமே வராதா?" என்று ஒருநாள் கேட்டாள் லவோன். "சர்ச்சுல நான் சொன்னது உன் காதுல விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியும். விழட்டும்னுதான் சொன்னேன்."

"விழுந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல, லவோன். கோவப்படறதுக்கும் ஆளு உள்ள இருக்கணுமில்ல."

லவோன் காலில் உட்கார்ந்த கொசுவை அடித்தாள்.

பறவைத்தீனிக் கூண்டை மார்லிஸ் இறக்கினாள். ஹார்லன் அதை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்த கயிறு அவிழவில்லை, கத்தியால் அறுத்தாள். குட்டிகள் தாயின் பின்னால் ஓட்டைவரை வந்து எட்டிப் பார்க்கத் தொடங்கியதும், கொட்டகையிலிருந்து ஹார்லனின் கொக்கி விளக்கையும் ரேடியோவையும் எடுத்து வந்தாள். ரேடியோவின் திருகில் கிரீஸ் படிந்த விரல் அடையாளம் இருந்தது. அதன் மேலேயே விரலை வைத்துத் திருகினாள். சோயா விலையும் மழை நிலவரமும் வீட்டுக்கு அடியிலிருந்து பகலும் இரவும் ஒலித்தன. படுக்கையில் கிடக்கும்போது தரைக்குக் கீழே ஓர் ஆண்குரல் பன்றிச் சந்தை பற்றிப் பேசுவது கேட்கும். ஹார்லன் இருந்தபோது சமையலறையில் கேட்டதும் இதே குரல்தான். அதனால் துக்கம் வரவில்லை. தூக்கம் வந்தது.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் தாய் ஸ்கங்க் வெளியே வந்து நின்றது. மூக்கை உயர்த்தி நாலாபுறமும் பார்த்தது. பிறகு வெளிச்சமும் இரைச்சலுமான அந்த வீட்டை இனி சகிக்க முடியாது என்பதுபோல் கோதுமை வயலோரத்து வாய்க்காலை நோக்கி நடந்தது. பின்னாலேயே குட்டிகள், ஒன்றின் வாலை ஒன்று தொட்டபடி, குட்டை ரயில் மாதிரி. புல் உயரமாக வளர்ந்திருந்தது. லவோன் எண்ணினாள்: "நாலு. இல்ல, அஞ்சு. ஒண்ணு மறைஞ்சிடுச்சு. அஞ்சுதான்."

அன்றே ஓட்டையில் செய்தித்தாளைச் சொருகி மாவு தூவினார்கள். காலையில் தாள் அசையவில்லை. மத்தியானம் கார்டி கம்பிவலையும் ஆணியுமாக வந்துவிட்டான்.

"ரெண்டு மூணு நாள் பொறுக்கச் சொன்னா" என்றாள் மார்லிஸ்.

"நாளைலேர்ந்து எனக்கு வைக்கோல் கட்டற வேலை. அப்புறம் மழை. இன்னிக்கு விட்டா இந்த மாசம் நான் வரமுடியாது. அதான் போயாச்சே?"

பொறி வேண்டாம் என்று சொன்னதிலேயே தன்னிடமிருந்த மறுப்பெல்லாம் செலவாகிவிட்டதாக மார்லிஸுக்குத் தோன்றியது. "சரி" என்றாள். கார்டி மண்ணைத் தோண்டி, வலையை வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்து, மேல்விளிம்பைப் பலகையோடு சேர்த்து அடித்தான். நல்ல வேலை. ரேடியோவை நிறுத்தினார்கள். வீடு சட்டென்று காலியாகிப்போனதுபோல் இருந்தது.

சாயங்காலம் லவோன் சமையலறையில் நின்று மூச்சை இழுத்தாள். "பத்துக்கு மூணு. இன்னும் புதுசா எங்கேயோ..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் தகரத்தைப் பிராண்டுவதுபோல் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தார்கள். தாய் திரும்பி வந்திருந்தது. முன்னங்கால்களால் கம்பிவலையைப் பிராண்டியது, மண்ணைத் தோண்டியது, வலை மடிப்பில் நகம் மாட்டி இழுத்து விடுவித்துக்கொண்டு மறுபடி தோண்டியது. தரைக்கு அடியிலிருந்து மெலிதாகக் கீச்சென்று ஒரு சத்தம் பதில் சொன்னது.

"ஒண்ணு உள்ள மாட்டிக்கிச்சு" என்றாள் லவோன். "நான் தப்பா எண்ணிட்டேன். கார்டிக்குப் போன் பண்றேன், இரு."

மார்லிஸ் இழுப்பறையைத் திறந்து குறடை எடுத்தாள்.

"எங்க போறே? அது வெறி பிடிச்ச மாதிரி நிக்குது."

"எனக்கு என்ன, மூக்குதான் இல்லையே."

அவள் ஓடவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி சக்கரத்தைப் பார்க்கப் போகிறவள்போல் போனாள். அவளைக் கண்டதும் ஸ்கங்க் இரண்டடி பின்வாங்கி, முன்னங்கால்களால் தரையைப் படபடவென்று உதைத்தது. வால் எழுந்து குடைபோல் விரிந்தது. அது எச்சரிக்கை, நிற்பவர் விலகிவிட வேண்டும். மார்லிஸ் விலகாமல் மண்டியிட்டு உட்கார்ந்து, "கொஞ்சம் பொறு" என்று சொல்லி முதல் ஆணியைக் குறடால் பிடித்தாள்.

கண்களும் உண்டு என்பதை அவள் மறந்துவிட்டாள். ஸ்கங்க் பீய்ச்சியது முகத்தில் நேராக விழுந்தது. மிளகாய்த்தூளைக் கையால் அள்ளித் தேய்த்ததுபோல் எரிந்தது. உலகம் அணைந்தது. குறடைக் கீழே போடாமல், தடவித் தடவி அடுத்த ஆணியைத் தேடினாள். வலையின் முனை விரலைக் கிழித்தது. மேல்விளிம்பு விடுபட்டதும் இரண்டு கையாலும் பிடித்து வெளிப்பக்கம் வளைத்தாள். பிறகு உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து போய், முதுகு எதிலோ இடித்ததும் நின்றாள்.

"லவோன், என்ன ஆச்சு? எனக்குத் தெரியல."

ஜன்னலிலிருந்து லவோனின் குரல் வந்தது. பதட்டமில்லாமல், ஒவ்வொன்றாக.

"பாத்துட்டே நிக்குது. இன்னும் நிக்குது. இப்போ கிட்ட போகுது. தலையை உள்ள விடுது. போயிடுச்சு, உள்ள போயிடுச்சு." தரைக்கு அடியில் கீச்சுச் சத்தம் நின்றது. "வந்துடுச்சு. வாயில கவ்விட்டு வருது. சின்னதா இருக்கு மார்லிஸ், மத்ததுல பாதிதான் இருக்கு. காலு தொங்குது. உசிரோடதான் இருக்கு, உதைக்குது. வாய்க்கால் பக்கம் போறா. போறா. புல்லுக்குள்ள போயிட்டா."

பின்கதவு திறந்தது. லவோன் குமட்டுவது கேட்டது. ஆனாலும் வந்தாள். தோட்டக் குழாயை இழுத்து வந்து மார்லிஸின் முகத்தை நிமிர்த்தித் தண்ணீரைப் பாய்ச்சினாள். கண்களிலிருந்து தாரைதாரையாக வழிந்துகொண்டே இருந்தது. குழாயை நிறுத்திய பிறகும் நிற்கவில்லை.

லவோன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அழறியா?"

"இல்ல. எரியுது."

"சரி" என்றாள் லவோன். புல்லிலேயே, அந்த நாற்றத்துக்கு நடுவிலேயே, மார்லிஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லவோன் அழுதாள். நெடுநேரம் அழுதாள். மார்லிஸ் அவள் முதுகில் கை வைத்தாள், பிறகு தன் கையிலும் ஸ்கங்க் நாற்றம் இருப்பது நினைவு வந்து எடுத்துக்கொண்டாள்.

"அண்ணனை நீதானே முதல்ல பாத்தே" என்றாள் லவோன். "இத்தனை மாசமா நீ ஒரு வார்த்தை சொல்லல."

"நீ கேக்கல."

"இப்போ கேக்கறேன்."

"காலைச் சாப்பாட்டுக்கு வரலேன்னு போனேன். பெட்டிமேல உக்காந்திருந்தான். தொப்பி கோணலா ஒரு கண்ணுமேல சரிஞ்சிருந்துச்சு. அவனுக்கு அது பிடிக்காதில்ல? தொப்பியைச் சரியா வச்சேன். பக்கத்துல இன்னொரு பெட்டி இருந்துச்சு. உக்காந்தேன். ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்னு நினைக்கறேன். அப்புறம்தான் போன் பண்ணினேன்."

"தொப்பியைச் சரி பண்ணினியா?"

"ம்."

லவோன் மூக்கை உறிஞ்சினாள், உடனே அதற்காக வருந்தி இருமினாள். பிறகு எழுந்து உள்ளே போய், பேக்கிங் சோடாவையும் காயத்துக்குப் போடும் பெராக்சைடையும் பாத்திரம் கழுவும் சோப்பையும் ஒரு வாளியில் கலந்து எடுத்து வந்தாள். வெளியிலேயே, மடக்கு நாற்காலியில் மார்லிஸை உட்காரவைத்து, கண்ணில் படாமல் நெற்றியைத் துணியால் கட்டி, தலைமுடியை அந்தக் கரைசலால் அலசினாள். முரட்டுக் கைகள். காது மடலுக்குப் பின்னால்கூட விடாமல் தேய்த்தாள். ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, "பத்துக்கு பதினொண்ணு" என்று சொல்லி மறுபடி தேய்த்தாள்.

அடுத்த முறை மார்லிஸ் ட்ரூடி சொன்னபடியே பொறுத்தாள். மாவில் அணில் தடம் தவிர எதுவும் விழவில்லை. மழை பெய்து ஓய்ந்தபிறகு கார்டி வந்து வலையை மறுபடி அடித்தான். அவன் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. உளுத்த அடிப்பலகை முழுவதையும் கழற்றிப் புதிதாகப் போட்டுக் கொடுத்தான்.

சோபாவை எரித்தார்கள். சுவர்களை வினிகரால் துடைத்தார்கள். மார்லிஸின் தலைமுடி அந்தக் கரைசலில் வெளுத்து வைக்கோல் நிறமாகிவிட்டது. அது தனக்குப் பொருந்துகிறதா என்று அவள் யோசிக்கவில்லை. பள்ளி திறக்கும் முன் வெண்டெல் பஸ் சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கேட்காமலேயே ஒரு துண்டு எலுமிச்சை கேக் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

ஸ்கங்குகள் போய்விட்டன என்பதால் லவோன் வருவதை நிறுத்தவில்லை. ஏன் வருகிறாய் என்று மார்லிஸ் கேட்கவுமில்லை. ஆகஸ்டில் ஒருநாள் லவோன் தன் வயலிலிருந்து மக்காச்சோளக் கதிர்களை மடி நிறையப் பறித்து வந்தாள். தண்ணீர் கொதிக்க வைத்து, கதிர்களை வேகவிட்டு, வெண்ணெயும் உப்பும் தடவி, நின்றபடியே தின்றார்கள். மார்லிஸ் ஒன்றை முடித்தாள். இனிப்பு தெரிந்தது. நாக்குக்கு அவ்வளவு தெரியும். இன்னொன்றை எடுத்தாள். அதையும் முடித்துவிட்டுப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"பசியா?" என்றாள் லவோன்.

மார்லிஸ் கொஞ்சம் யோசித்தாள். "அப்படித்தான் தோணுது" என்றாள்.

லவோன் இடுக்கியால் இன்னொரு கதிரை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.